இலுப்பைமங்கலத்துத் தாழ்ப்பாள்கள்

இரவுப் பூசை முடிந்து கோயில் மணி ஓய்ந்து, ஒரு வெற்றிலையை மென்று துப்புகிற நேரம் கழிந்ததும் அந்தச் சத்தம் கேட்கும். முதலில் கீழவீதிக் கோடியில் 'கறக்' என்று ஒன்று, அப்புறம் அடுத்த வீட்டில், அப்புறம் எதிர்வாடையில், அப்புறம் யாரோ இரும்புச் சோழிகளைக் கைகொள்ளாமல் அள்ளித் தெருத்தெருவாகச் சிந்திக்கொண்டு போவதைப்போல இலுப்பைமங்கலம் முழுக்க. பித்தளைத் தாழ்ப்பாள், இரும்புத் தாழ்ப்பாள், மாட்டுக்கொட்டில் கொக்கி, ரேஷன் கடைப் பூட்டு, பீரோ, டிரங்குப் பெட்டி, கல்யாணமாகி மூன்று நாளான ஜோடியின் அறைக்கதவு, அத்தனையும் தாமாகவே விலகித் திறந்துகொள்ளும். விடியும்வரை எந்தத் தாழும் நிற்காது. விடிந்தால் ஒன்றுமே நடக்காததுபோல எல்லாம் ஒழுங்காகப் பூட்டிக்கொள்ளும்.

பதினாலு வருஷமாக இப்படித்தான். பதினாலு வருஷத்தில் ஓர் ஊர் எதற்குத்தான் பழகிக்கொள்ளாது? கும்பகோணத்திலிருந்து பூட்டு ஆசாரி ஒருவரை வரவழைத்தார்கள். அவர் வீட்டுக்கு வீடு புதுத் தாழ் வைத்து, பந்தயம் கட்டி ஓர் இரவு அங்கேயே தங்கி, விடிந்ததும் உளிப்பையை மறந்துவிட்டு முதல் பஸ்ஸில் போனவர்தான். அம்மிக்கல்லைச் சாத்தினால் அம்மிக்கல் ஒரு முழம் தள்ளி நின்றது, கயிறு கட்டினால் முடிச்சு அவிழ்ந்து கிடந்தது, ஆனால் மனுஷ உடம்பை மட்டும் அது நகர்த்தவில்லை. அதனால் வீட்டுக்கு ஒருவர் முறைவைத்து வாசற்படிக்குக் குறுக்கே பாய்போட்டுப் படுக்கும் வழக்கம் வந்தது. புதுசாய்க் கட்டிக்கொண்டவர்கள் அறைக்கதவின்மேல் ஈரத்துண்டு போட்டார்கள், தாண்டிப் போகிறவர்கள் இருமிக்கொண்டு போனார்கள். வங்கிக்காரர்கள் கிளை திறந்தார்கள், இரும்புப் பெட்டி இரவெல்லாம் வாயைப் பிளந்து கொண்டிருப்பதைப் பார்த்த மேனேஜர், ஒரு பைசா குறையாவிட்டாலும் தனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளையை மூடினார். ஒரு தடவை வெளியூர்த் திருடன்கூட ஒருத்தன் வந்தான். எல்லாக் கதவும் திறந்திருப்பதைக் கண்டு பயந்து தெருவிலேயே மேலும் கீழும் நடந்து, கடைசியில் பாக்கியத்தக்கா வீட்டில் ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். பஸ் கண்டக்டர்கள் ஊர்ப் பெயரையே மறந்துபோய், "தாழ்ப்பா இல்லாத ஊர் எறங்கு" என்றார்கள். பெண் கேட்டு வந்தவர்களிடம், "எங்க ஊர்ல ஒளிவுமறைவே கெடையாது பாருங்க" என்று சிரித்துச் சமாளித்தார்கள்.

ஏன் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. உப்புக்காற்று என்றார்கள், ஆழ்துளைக் கிணறு போட்டுப் பூமி ஆட்டம் கண்டுவிட்டது என்றார்கள். ஆனால் எந்த ஆண்டு, எந்த மாதம், எந்த வெள்ளிக்கிழமை இரவிலிருந்து என்பது கைப்பிள்ளைகளைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

தையல்நாயகிக்கு மற்ற எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். கோயில் காவல்காரராக இருந்த மாசிலாமணியின் ஒரே மகள். கும்பகோணத்துக் கான்வென்ட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். திருப்பூரில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனபின் இரண்டரை வயது தன்ஷிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தவள். திருப்பூரில் அவள் ஒரு கதவுக்கு மூன்று தாழ் போட்டவள். போட்டுவிட்டு எழுந்துபோய் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பாள், படுத்தபின் இன்னொரு தடவை எழுந்து தொட்டுப் பார்ப்பாள். அப்படிப்பட்டவள் இங்கே வந்து, தாய் இல்லாத அந்த வீட்டில், வயதான அப்பா கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்குவதைத் தாழ்ப்பாளாக நம்பிப் படுக்க வேண்டியிருந்தது. மற்ற வீடுகளில் முறை மாறும். மாசிலாமணி வீட்டில் பதினாலு வருஷமும் அவர் முதுகுதான். கதவின் நடுச்சட்டத்தில் அந்த முதுகு பட்ட இடம் எண்ணெய் தடவியதுபோல மின்னியது.

குழந்தைக்கோ தூக்கத்தில் நடக்கும் சுபாவம். வந்த மூன்றாம் நாள் இரவே தாத்தாவின் தோள்மேல் ஏறி, அவர் சாயாத மறு கதவு வழியே இறங்கி வெளியே போய், கோயில் குளத்தின் முதல் படியில் உட்கார்ந்திருந்தது. அடுத்த தடவை இரண்டாம் படி. அதற்கடுத்த தடவை மூன்றாம் படி. தையல்நாயகி குழந்தையின் கொலுசில் நூல் கட்டித் தன் விரலில் சுற்றிக்கொண்டாள், காலையில் நூல் முடிச்சவிழ்ந்து தனியாகக் கிடந்தது. ஐந்தாம் படிக்குக் கீழே தண்ணீர் என்று அவளுக்குத் தெரியும். பகலில் சோறு வடிக்கும்போதும் துணி பிழியும்போதும் படிகளை எண்ணிக்கொண்டே இருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்ல வேண்டும். சொல்வதற்குக் கூசுகிறது என்றாலும் சொல்ல வேண்டும்.

இலுப்பைமங்கலத்துக் கோயிலில் இரவுப் பூசை முடிந்ததும் சுவாமியின் பாதுகையைச் சின்னப் பல்லக்கில் வைத்துப் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே ஊஞ்சலில் வண்டமர்குழலியம்மன் காத்திருப்பாள், ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான ஐம்பொன் அம்மன், பூ ஏந்துகிற வலது கையில் சுண்டுவிரல் மட்டும், வளையலைச் சரிசெய்யப் போகிறவள்போலக் கொஞ்சம் மடங்கியிருக்கும். பால் வைத்து, தாலாட்டுப் பாடி, கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவார்கள். எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆனால் எந்த ஊரிலும் இல்லாத ஒன்று இங்கே உண்டு: அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டே கிடையாது. புருஷனும் பெண்சாதியும் படுத்திருக்கிற அறையை வெளியிலிருந்து பூட்டுவது எந்த ஊர் மரியாதை என்று அந்தக் காலத்திலேயே கேட்டவர்கள், எல்லா வீட்டுப் படுக்கையறைக்கும் உள்ளதுபோல உள்பக்கம் மட்டும் ஒரு மரத்தாழ் வைத்திருந்தார்கள். ஐம்பொன் கை வந்து போடவா போகிறது. அது போடப்படாமலேயே கறுத்துப்போய் இருந்தது.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது சிஸ்டர் எமரன்சியா பிள்ளைகளிடம் ஒரு கேமராவைக் கொடுத்து அவரவர் ஊரின் அழகான ஒன்றைப் படமெடுத்து வரச் சொன்னார். ஒருத்தி ஆற்றை எடுத்தாள், ஒருத்தி அம்மாவை எடுத்தாள். தையல்நாயகி அம்மனை எடுத்தாள். படத்தின் மூலையில் ஆரஞ்சு எழுத்தில் தேதி விழுந்திருந்தது. அது கான்வென்ட் ஆண்டு மலரில் அச்சாயிற்று, கீழே அவள் பெயர், ஊர், தந்தை கோயில் காவலர் மாசிலாமணி என்பது வரைக்கும். பரிசாக ஒரு தடித்த புத்தகம்கூடக் கொடுத்தார்கள். நாலு மாதம் கழித்து வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கனவான் அந்த மலரைக் கையில் பிடித்தபடியே காரில் வந்து இறங்கினார். "உங்க பொண்ணா எடுத்தது? அடடா! இதைப் பெரிய புத்தகமா போடப் போறோம், அவ பேரோட" என்றார். "பள்ளியறையில, விளக்கு வெளிச்சத்துல ரெண்டே ரெண்டு படம் எடுத்துக்கறோம், பெரியவரே." மாசிலாமணி வாழ்நாளில் ஒரு ரூபாய் லஞ்சம் தொட்டதில்லை, அன்றும் தொடவில்லை. மகள் பெயர் பெரிய புத்தகத்தில் வருவதற்காக அந்த வெள்ளிக்கிழமை இரவு, பூசை முடிந்தபின், கோயில் பெரிய கதவிலுள்ள திட்டிவாசலைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான்.

திறந்துவிட்டு, கனவானும் அவருடைய ஆட்களும் பள்ளியறைக் கதவைத் திறந்தபோது, மரியாதை தெரிந்த மனிதர், முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். படுக்கையறைக்குள் ஓர் ஆம்பிளை எட்டிப் பார்க்கலாமா? அவர்கள் முடிக்கும்வரை தூணைப் பார்த்து நின்றார். "முடிஞ்சுது பெரியவரே" என்று கேமராப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் போனதும் திரும்பினார். கதவு சாத்தியிருந்தது. சாத்தியிருந்த பள்ளியறைக் கதவை விடியுமுன் திறக்கக் கூடாது. அதனால் அவர் திறக்கவில்லை. ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் கழித்து ஊர் முழுக்க முதன்முதலாக அந்தச் சத்தம் கேட்டது.

விடியற்காலை நீலகண்ட குருக்கள் திருப்பள்ளியெழுச்சி பாடிக் கதவைத் திறந்தார். ஊஞ்சலில் பாதுகை மட்டும் தனியாக இருந்தது.

தர்மகர்த்தா அய்யாக்கண்ணு, பெரிய மனுஷர்களை மட்டும் வசந்த மண்டபத்தில் கூட்டினார். போலீஸுக்குப் போகலாம் என்று யாரோ இழுத்தார்கள். "என்னான்னு எழுதிக் குடுப்பே? எங்க வீட்டுப் பொண்ணு ராத்திரியோட ராத்திரியா போயிட்டாள்னா?" என்று அய்யாக்கண்ணு கேட்டார். "நம்ம வீட்டுல ஒருத்தி போயிட்டா ஸ்டேஷன்ல போயா நிப்போம்? ஊருக்குப் போயிருக்கா, சித்தி வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்க மாட்டோம்?" எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஏனென்றால் எல்லா வீட்டிலும் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்தபதி ஒருவரிடம் ரகசியமாக ஒரு நகல் வார்த்து வாங்கி, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஊஞ்சலில் உட்கார வைத்துவிட்டார்கள். விடுமுறைக்கு வந்த தையல்நாயகி திரைக்கு வெளியே நின்று கும்பிடும்போது சுண்டுவிரலைப் பார்த்தாள். அது நேராக இருந்தது. திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அன்றைக்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை. படத்தைப் பரிசுப் புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தை டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

இப்படியாகப் பதினாலு வருஷம் போனபின், தன்ஷிகா நாலாம் படிக்கு வந்திருந்த வாரத்தில், ஒரு ஜீப் வந்தது. சிலைக் கடத்தலை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் ரஹீமா இறங்கினார். கூடவே, கடல் கடந்த ஒரு தேசத்து அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆனெலீஸ் என்ற அம்மாள், வெயிலில் சிவந்து, செருப்பைக் கோயிலுக்கு ஒரு பர்லாங்குக்கு முன்னாலேயே கழற்றிவிட்டுக் கால் சுட நடந்து வந்தாள். இன்ஸ்பெக்டருக்கு இரண்டு மொழியும் தெரியும். ஆனால் போலீஸ்காரி வாயிலிருந்து வந்தால் ஊர் காதை மூடிக்கொள்ளும் என்பதும் தெரியும். "உங்க ஊர்ப் பொண்ணு ஒருத்தியே இந்தம்மா பேசறதைச் சொல்லட்டும்" என்றார்.

அய்யாக்கண்ணு தையல்நாயகியைக் கூப்பிட்டனுப்பினார். "நீ கான்வென்ட்டுல படிச்ச புள்ள. அந்தம்மா சொல்றதை எங்களுக்குச் சொல்லு. நாங்க சொல்றதை மட்டும் அந்தம்மாவுக்குச் சொல்லு. நடுவுல உப்பு புளி எதுவும் சேக்காதே."

வசந்த மண்டபத்தில் ஊரே உட்கார்ந்திருக்க, தையல்நாயகி இடுப்பில் குழந்தையோடு நின்று சொன்னாள். எங்கள் அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் அம்மன் இருக்கிறாள் என்று அந்த அம்மாள் சொல்கிறாள். ஐம்பது வருஷமாக ஒரு சீமாட்டி வீட்டில் இருந்தவள், சிலைகளை வெளிதேசம் கொண்டுபோகத் தடைச் சட்டம் வருமுன்பே கடல் கடந்தவள் என்று வியாபாரி காகிதம் கொடுத்துத்தான் விற்றானாம். ஆனால் ஒரு தேசத்துச் சுங்கக்காரர்கள் பழைய கப்பல் ரசீதுகளைப் புரட்டியபோது, 'தோட்டத்து அலங்காரப் பொம்மை, புதியது' என்று எழுதிப் போன ஒரு பெட்டி அகப்பட்டதாம். இன்னொரு தேசத்துப் போலீஸ் அந்த வியாபாரியின் கிடங்கைத் திறந்து அவனைப் பிடித்து வைத்திருக்கிறதாம். நம் தேசத்திலிருந்து கடிதம் போகிறதாம், அங்கிருந்து வருகிறதாம், அருங்காட்சியகமே அவளைத் திருப்பிக் கொடுத்துவிடத் தயாராம். ஒன்றே ஒன்றுதான் வேண்டுமாம். அவள் இங்கேதான் இருந்தாள், இங்கிருந்துதான் திருடுபோனாள் என்று இந்த ஊர் சொல்ல வேண்டும். அதற்கு ஓர் அத்தாட்சி வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பொய்க் காகிதம்தான் கோர்ட்டில் ஜெயிக்கும்.

"எங்க ஊரை எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேளு" என்றார் அய்யாக்கண்ணு.

ஆனெலீஸ் கொஞ்சம் வெட்கத்தோடு பதில் சொன்னாள். அந்த அம்மன் வந்ததிலிருந்து அருங்காட்சியகத்துக் கதவுகள் எல்லாம் தினமும் தாமாகத் திறந்துகொள்கின்றன. குளிர்காலத்தில் மாலை நாலரை மணிக்கு, கோடையில் ஐந்தரைக்கு. இன்ஜினியர்கள் வந்து மூன்று தடவை பூட்டு மாற்றிவிட்டார்கள். எங்கள் தேசத்தில்தான் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்போம். தள்ளி வைக்காத ஏதோ ஓர் ஊரின் நேரத்துக்கு அவை திறக்கின்றன என்று எனக்குத் தோன்றியது. கணக்குப் போட்டேன். இந்தியாவில் இரவு ஒன்பது மணி. அப்புறம் தாழ்ப்பாள் நிற்காத ஓர் ஊரைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் வந்த துணுக்கை ஒரு மாணவர் மொழிபெயர்த்துக் கொடுத்தார்.

மண்டபத்தில் ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. "ஒம்பது மணிதான். சரியாத்தான் போட்டிருக்கா கணக்கு" என்று பாக்கியத்தக்கா மட்டும் மெதுவாகச் சொன்னாள், பக்கத்தில் இருந்தவர்கள் அவள் வாயைப் பொத்தினார்கள்.

அய்யாக்கண்ணு எழுந்து நின்றார். "எங்க அம்மன் எங்கேயும் போகலை, உள்ளதான் இருக்கா. இது வேற எந்த ஊரோடதோன்னு சொல்லு."

தையல்நாயகி சொன்னாள். சிஸ்டர் எமரன்சியா ஒவ்வொரு வினைச்சொல்லாகத் திருத்தித் திருத்திக் கற்றுக்கொடுத்த ஆங்கிலத்தில், அவள் வாழ்நாளில் பேசிய ஆங்கிலத்திலேயே ஒரு தப்புக்கூட இல்லாத வாக்கியம் அதுதான். ஆனெலீஸ் பள்ளியறைப் பக்கம் போய் நகலின் சுண்டுவிரலைப் பார்த்தாள், கையிலிருந்த பெரிய படத்தைப் பார்த்தாள், தையல்நாயகியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டிருக்கலாம் என்று தையல்நாயகிக்கு இருந்தது. "நாளைக்கு மத்தியானம் கெளம்பறோம்" என்றார் இன்ஸ்பெக்டர், யாரையும் பார்க்காமல்.

அன்றிரவு தன்ஷிகா ஐந்தாம் படியில் இருந்தது.

பாக்கியத்தக்காதான் கண்டு கத்தினாள். தையல்நாயகி ஓடிப்போய்த் தூக்கியபோது இரண்டு பாதமும் தண்ணீருக்குள் இருந்தன. குழந்தை கண்மூடியபடி, யார் கூடவோ பேசிக்கொண்டிருப்பதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தது. அவள் ஓவென்று அழவில்லை, யாரையும் ஏசவில்லை. ஈரக்கால்களைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மாசிலாமணி கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், தூங்கிவிட்ட குற்றத்துக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்ட தடம் முகத்தில் இருந்தது.

"அப்பா, அந்தப் போட்டோ எங்கிட்ட இருக்குப்பா."

"தெரியும் ஆயி."

"எப்படி? நான் யார்கிட்டயும் சொன்னதே இல்லையே."

"பொட்டிதான் ராத்திரி ஆனா தானாத் தொறந்துக்குதே," என்றார் அவர். "பதினாலு வருசமா தெனம் அந்தப் பொஸ்தகத்தப் பிரிச்சுப் பாக்கறேன். அவ அதுலேருந்து என்னையப் பாக்கறா, நான் திரும்பிக்கறேன்."

அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "குடுத்தா உன் பேரு வருமேப்பா. தெறந்துவிட்டது யாருன்னு கேப்பாங்களே. என் பேரும் வரும். நான் எடுத்த படத்தைப் பாத்துட்டுத்தானே வந்தான் அவன்?"

"நம்ம பேருதான் அந்தப் பள்ளிக்கூட மலர்லயே அச்சாயிருக்கே, தையலு. இனிமேப்பட்டு என்ன மறைக்க?" அவர் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், இன்னும் ஈரமாக இருந்தது. "நாளைக்கு ஆறாம் படி ஆயி," என்றார்.

காலையில் ஜீப்பைக் கோயில் வாசலிலேயே மறித்து நின்றார்கள் அப்பாவும் மகளும். விஷயம் பரவி ஊர் மறுபடியும் மண்டபத்துக்கு வந்தது. தையல்நாயகி பரிசுப் புத்தகத்தைப் பிரித்துப் படத்தை ஆனெலீஸிடம் நீட்டினாள். ஆரஞ்சுத் தேதி மங்காமல் இருந்தது. மடங்கிய சுண்டுவிரல் தெளிவாக இருந்தது. அந்த வெள்ளைக்காரம்மாள் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "நேத்து நான் சொன்னது பொய்," என்றாள் தையல்நாயகி, முதலில் ஆங்கிலத்தில், அப்புறம் ஊருக்குக் கேட்கும்படி தமிழில்.

"அடிப்பாவி மவளே!" அய்யாக்கண்ணு துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "பதினாலு வருசமா கட்டிக்காத்த மானம்டி!"

"தாழ்ப்பா நிக்காத வீட்டுல மானத்தை எங்கே வெச்சுக் காத்தீங்க, மாமா?"

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரித்ததை இருமலாக மாற்றினார்கள். இன்ஸ்பெக்டர் மாசிலாமணியைப் பார்த்து, "அன்னைக்கு ராத்திரி நீங்க என்ன பாத்தீங்க பெரியவரே?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பாக்கலீங்கம்மா," என்றார் அவர். "பாக்கக் கூடாதுன்னுதான் திரும்பி நின்னேன். நான் மட்டும் கொஞ்சம் மரியாதை கெட்டவனா இருந்திருந்தா அவ இங்கேயே இருந்திருப்பா."

நீலகண்ட குருக்கள்தான் முதலில் எழுந்து வந்தார். "நேக்கும் பங்கு உண்டும்மா. எழுதிக்கோங்கோ. தெனமும் அந்த பொம்மைக்குத் தாலாட்டு பாடறச்சே நாக்கு கூசித்து. கூசிண்டே பாடினேன்." அவருக்குப் பின்னால் பாக்கியத்தக்கா, அவளுக்குப் பின்னால் ரேஷன் கடைக்காரர், அப்புறம் கீழவீதி, மேலவீதி. பதினாலு வருஷம் தாமதமான புகாரில் எங்களுக்குத் தெரியும், தெரிந்தே சும்மா இருந்தோம் என்று ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள், கைநாட்டு வைத்தார்கள். மை தீர்ந்துபோய் இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இன்னொரு டப்பா கொண்டுவரச் சொன்னார். அய்யாக்கண்ணு எல்லாருக்கும் கடைசியாக வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், ஆனால் எல்லாரையும்விடப் பெரிய எழுத்தில் கையெழுத்திட்டார்.

அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் காகிதங்கள் கடலைக் கடந்தபடி இருந்தன. கான்வென்ட் ஆண்டு மலர் ஒரு தேசத்துக் கோர்ட்டில் சாட்சி சொன்னது. ஏற்கெனவே தொண்ணூறு வயதை எட்டிவிட்ட சிஸ்டர் எமரன்சியா, ஆமாம், அந்தக் கேமரா என்னுடையதுதான் என்று எழுதிக் கொடுத்தார். சுங்கக்காரர்களின் ரசீதும் போலீஸ்காரர்களின் கிடங்குப் பட்டியலும் ஒன்றோடொன்று பொருந்தின. மாசிலாமணியைக் குற்றவாளியாக அல்ல, சாட்சியாகச் சேர்த்தார்கள். அது அவருக்கு வருத்தமாகவே இருந்தது. அந்த வருஷம் முழுக்க ஊரார் முறைவைத்துக் குளத்துப் படிகளில் இரவுக்கு ஒருவராகப் படுத்தார்கள். யாரும் யாரையும் கேட்டு அப்படிச் செய்யவில்லை.

அம்மன் மாசி மாதத்தில் மரப்பெட்டிக்குள் வந்தாள், ஆனெலீஸ் பெட்டியோடே வந்தாள். மேளம் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். போன பெண் திரும்பி வரும்போது எந்த வீட்டில் மேளம் வைப்பார்கள்? ஆரத்தி எடுத்தார்கள். எடுத்த பெண்கள் தட்டைப் பார்த்தார்களே தவிர அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வாசற்படிகளில் நின்றவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்திருந்தார்கள். ஒரே ஒரு ஆள்தான் நிமிர்ந்து பார்த்தது. தன்ஷிகா, "அம்மா, இந்தப் பாட்டியா? இவங்கதான் என்னைக் கொளத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க" என்றது. யாரும் ஆச்சரியப்படவில்லை. "ஆமா, அவ கூப்பிட்டா கேக்கறதுக்கு வேற யார் இருந்தா இந்த ஊர்ல" என்று பாக்கியத்தக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நகலை உருக்கலாமா என்ற பேச்சு வந்தபோது குருக்கள் கூடாது என்றுவிட்டார். "பதினாலு வருஷம் நம்ம பொய்யை நமக்காக சுமந்துண்டு நின்னவ அவ," என்று அதை மடைப்பள்ளிப் பக்கத்தில், விளக்கெரியும் ஒரு மாடத்தில் வைத்தார்.

அதிகாரிகள் பள்ளியறைக்கு வெளியே எஃகுப் பூட்டு ஒன்று போடச் சொன்னார்கள். கூடாது என்றது ஊர். பூட்டில்லாமல்தானே போனாள் என்றார்கள் அவர்கள். இருந்தாலும் ஊர் தலையைக் குனிந்தபடியே கூடாது என்றது. கடைசியில் வெளிமதிலுக்குக் கம்பிக் கதவும் பூட்டும் என்று முடிந்தது.

அன்று இரவுப் பூசைக்கு இலுப்பைமங்கலத்தில் நடக்க முடிந்தவர்கள் அத்தனை பேரும் பிரகாரத்தில் நின்றார்கள். பாதுகை வந்தது. குருக்கள் தாலாட்டுப் பாடினார். கதவைச் சாத்திவிட்டு வந்தார். மணி ஓய்ந்தது. யாரும் வெற்றிலை போடவில்லை. ஒன்பது அடித்தது. எல்லாரும் ஊர்ப் பக்கமாகக் காதை வைத்துக்கொண்டு நின்றார்கள். கீழவீதிக் கோடியிலிருந்து சத்தம் வரவில்லை. எதிர்வாடையிலிருந்து வரவில்லை. ரேஷன் கடைப் பூட்டு பூட்டியபடி இருந்தது, பீரோக்கள் மூடியபடி இருந்தன, தையல்நாயகி வீட்டு டிரங்குப் பெட்டி மூடியபடி இருந்தது. பதினைந்து வருஷம் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுகளில் அந்த அமைதி வலித்தது.

மாசிலாமணி மெல்ல நடந்துபோய்ப் பள்ளியறை வாசலில் உட்கார்ந்து, வீட்டில் உட்காருவதுபோலவே, கதவில் முதுகைச் சாய்த்தார். இனி அவளுக்கும் நானே தாழ்ப்பாள் என்பதுபோலத்தான் உட்கார்ந்தார். அப்போது அவருடைய முதுகெலும்பில் ஏதோ அசைந்தது. மரத்துக்குள் மரம் உராய்கிற சத்தம்; போட்டுப் பழகாத கை ஒன்று, எங்கே எப்படி இழுப்பது என்று தடவித் தடவிப் பார்க்கிற சத்தம்; கூடவே ஒரு வளையல் ஒரு தடவை மட்டும் சிணுங்கியது. பாதியில் நின்றது.



"நம்மளை நம்பலை ஆயி அவ," என்றார் மாசிலாமணி. குரல் சின்னப் பிள்ளையின் குரல்போல இருந்தது.

தையல்நாயகி தோளில் தூங்கும் குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். அது காய்ந்து, கதகதப்பாக இருந்தது. வீட்டிலிருந்து ஒரு தடவை தூக்கிப் போகப்பட்ட எந்தப் பெண்ணும், திரும்பி வந்தால், முதலில் எதைச் செய்வாள் என்று அவளுக்குத் தெரியும்.

"எதுக்குப்பா நம்பணும்?" என்றாள். "எழுந்து வா. அவ தூங்கட்டும்."

மாசிலாமணி எழுந்து கதவை விட்டு விலகி நின்றார். கறுத்துப்போன அந்த மரத்தாழ், பாக்கி தூரத்தையும் நகர்ந்து, உள்ளேயிருந்து விழுந்தது.